14 வயதுக் காரும் 80 பக்க நோட்டும்

என் காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. அதன் முதல் வரி 68,412. ஏழு வயதான வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கிய அன்று மீட்டரில் இருந்த எண். கடைசி வரி போன வாரம் எழுதியது: 1,63,950. நான் நர்ஸ். ஒவ்வொரு ஷிஃப்டிலும் யாருக்காவது எதையாவது குறித்து வைத்தே பழகிய கை இது. காருக்கும் சார்ட் எழுத ஆரம்பித்ததற்கு வேறு பெரிய காரணம் கிடையாது.

ஐந்து கதவு ஹேட்ச்பேக், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், கையால் போடும் கியர். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தக் கம்பெனியின் பக்தர்கள் ஒரு பக்கமும் விரோதிகள் மறுபக்கமும் வந்து நின்றுகொள்வார்கள், விஷயம் கெட்டுவிடும். தவிர, பத்து வயதைத் தாண்டிய சின்னக் கார்களுக்கு வரும் வியாதிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ரப்பர் காய்கிறது, பிளாஸ்டிக் நொறுங்குகிறது, ஒயர் முனையில் பச்சை பூக்கிறது. இன்ஜின் போய்விடுமோ என்று நாம் பயந்துகொண்டே இருப்போம். அந்த இரும்புக் கட்டி மட்டும் சிவனே என்று ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு இந்த வண்டியிடம் வேண்டியது ஒன்றே ஒன்று. அதிகாலை மூன்றரை மணிக்கு வார்டிலிருந்து கூப்பிட்டாலும் சாவியைத் திருப்பினால் கிளம்ப வேண்டும். பாட்டுப் பெட்டி, அலாய் வீல், திரை எதுவும் வேண்டாம். எனவே நான் போடுகிற மார்க்கெல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான்.

முதல் இரண்டு வருடம் நூற்றுக்கு நூறு. வாங்கிய கையோடு, வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் பெல்ட்டையும் அதோடு சேர்த்து வாட்டர் பம்பையும் மாற்றியிருந்தேன். பழைய ஓனர் மாற்றிவிட்டதாகத்தான் சொன்னார், பில் இல்லை. இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அதன்பின் இன்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பார்க்க நன்றாக இருக்கிற பெல்ட்டும் வயதானால் சொல்லாமல் கொள்ளாமல் போகும். பில் இல்லாத பேச்சை நம்பி அந்த ஆபத்தை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. நோட்டின் இரண்டாவது வரி அதுதான்.

பிரச்சினை 97,000-ஐத் தாண்டிய பிறகு ஆரம்பித்தது. காலையில் அடித்த முதல் அடியிலேயே கிளம்பும் வண்டி, நாற்பது நிமிடம் ஓடி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் கிளம்பாது. செல்ஃப் நன்றாகச் சுற்றும். பேட்டரியில் குறை இல்லை. இன்ஜின் மட்டும் பிடிக்காது. அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். தினமும் இல்லை. பத்து நாளைக்கு ஒருமுறை, சில சமயம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், நிரந்தரமாகக் கெட்டுப்போன பாகத்தைவிட அவ்வப்போது கெட்டுப்போகிற பாகம் எவ்வளவு பெரிய தலைவலி என்று. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனால் சமர்த்தாக நடந்துகொள்ளும். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததும் காய்ச்சல் இறங்கிவிடுகிற குழந்தையைப் போல.

நான் முதலில் போன இடத்தில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "பெட்ரோல் பம்ப்தான் அக்கா, மாத்திட்டா சரியாயிடும்" என்றார்கள். மாற்றினேன். ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி போனது. பதினோராவது நாள் மறுபடி நின்றது. இப்போது ஸ்பார்க் பிளக் என்றார்கள். அதுவும் போட்டாயிற்று. அப்புறம் இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான கன்ட்ரோல் யூனிட்டாக இருக்கலாம் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். ரத்தம் எடுத்துப் பார்க்காமல் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி எழுதும் டாக்டர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். அதே வாடை அடித்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவதாகப் போன ஒர்க் ஷாப் ஒற்றை ஆள் நடத்துவது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது அந்தத் தம்பிக்கு. பானெட்டைத் திறக்கவே இல்லை. நோட்டை வாங்கி மூன்று பக்கம் படித்தான். பிறகு கேட்டான்:

"அக்கா, நின்னு போனப்புறம் செல்ஃப் அடிக்கிறீங்கள்ல, அப்போ ஆர்பிஎம் முள் ஆடுதா?"

"பார்த்ததில்லையே தம்பி."

"அடுத்த தடவை பாருங்க. முடிஞ்சா போன்ல எடுத்துட்டு வாங்க. அதுக்கு முன்னாடி எதையும் மாத்த வேண்டாம்."

காசு வாங்கவில்லை. பதினாறு நாள் கழித்து அது நின்றபோது, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கார் ரிப்பேரானதற்குச் சந்தோஷப்பட்டேன். ஒரு கையில் போன், ஒரு கையில் சாவி. செல்ஃப் சுற்றச் சுற்ற, இன்ஜினின் வேகத்தைக் காட்டும் அந்த ஆர்பிஎம் முள் பூஜ்யத்திலேயே படுத்திருந்தது. துளி அசைவில்லை.

அந்த வீடியோவைப் பார்த்ததுமே சொல்லிவிட்டான்: கிராங்க் சென்சார். இன்ஜினின் அடிப்பக்கம், பல் வைத்த ஒரு சக்கரத்துக்கு எதிரே, கட்டை விரல் பருமனுக்கு உட்கார்ந்திருக்கும் பாகம். உள்ளே ஒரு காந்தமும் தலைமுடி மாதிரி மெல்லிய கம்பியால் சுற்றிய காயிலும். பல் ஒவ்வொன்றாகக் கடக்கும்போது எழுகிற சிக்னலை வைத்துத்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். என்னுடையதில் அந்தக் கம்பி எங்கோ விட்டுப்போயிருந்தது. குளிர்ந்திருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்ததும் பிரிந்துவிடும். சிக்னல் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுற்றுவதே தெரியாது. பொறியும் வராது, பெட்ரோலும் பீய்ச்சாது. இந்த வண்டியில் முள்ளும் அதே சிக்னலை நம்பித்தான் ஆடுகிறது.

அவன் அதோடு விடவில்லை. வண்டியை ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, அது கிளம்ப மறுக்கும்வரை நான்கு முறை முயன்றான். மறுத்ததும் ஒரு குவளைத் தண்ணீரைச் சென்சாரின் மேல் மெல்ல ஊற்றினான். சாவியைத் திருப்பச் சொன்னான். கிளம்பியது. ஒரு போல்ட், ஒரு பிளக், இருபது நிமிட வேலை. அந்தச் சென்சாரின் விலை நான் மாற்றிய பெட்ரோல் பம்பில் ஆறில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு ஒருநாள்கூட அப்படி நிற்கவில்லை. பழைய பம்ப் இன்னும் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எறிய மனமில்லை, கோபம்தான் காரணம்.

அடுத்தது சூடு. 1,18,000 வாக்கில். ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், வழக்கம்போல. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் மேலே ஏறும். நகர்ந்தால் இறங்கிவிடும். இந்த ஒரு குறிப்பே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது: ஓடும்போது காற்று ரேடியேட்டரைக் குளிரவைக்கிறது, நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது, ஃபேன் வேலைக்கு வரவில்லை. ஏசியைப் போட்டுப் பார்த்தேன், என் வண்டியில் ஏசி போட்டால் ஃபேனும் ஓட வேண்டும். ஓடவில்லை. ஒரு குச்சியால் மோட்டாரின் முதுகில் லேசாகத் தட்டினேன், ஓட ஆரம்பித்தது. கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டாரின் அடையாளம் அது. (ஃபேன் எந்த நேரத்திலும் திடீரென்று சுற்ற ஆரம்பிக்கலாம், விரல் ஜாக்கிரதை.)

அன்று வீடு திரும்பியது ஒரு கூத்து. முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிட வேண்டும். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி வண்டிக்குள் வந்துவிடும், முள் இறங்கும். இறங்கியது. நானும் பாதியாக இறங்கினேன், வேர்வையில் சேலை முதுகோடு ஒட்டிவிட்டது. ஆனால் இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற தகடு பிழைத்தது. ஓரங்கட்டி நிறுத்தவேண்டி வந்தாலும் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு தொடாதீர்கள். அந்த மூடி கொடுக்கும் அழுத்தத்தால்தான் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணமே கொதித்து மேலே பாயும். அப்படி வெந்துபோன முகத்துக்கும் கழுத்துக்கும் நான் கட்டுப் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஃபேன் மோட்டார் மாற்றிய ஆறு மாதத்தில் ரேடியேட்டரே விரிசல் விட்டது. அலுமினியத்தில் இல்லை, அதன் பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில். சொட்டுக்கூட விழவில்லை. காய்ந்த கூலண்டின் வெளிறிய கறை ஒரு கோடாகத் தெரிந்தது, நிறுத்தும்போது ஒரு தித்திப்பு வாசனை வந்தது, அவ்வளவுதான். வாரம் ஒருமுறை குளிர்ந்த இன்ஜினில் கூலண்ட் மட்டத்தைப் பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால் தவறவிட்டிருப்பேன். இரண்டு வாரத்தில் ஒரு விரற்கடை குறைந்திருந்ததாக நோட்டில் இருக்கிறது.

மூன்றாவது பெரிய வியாதி பேய் பிடித்த மாதிரி இருந்தது. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடும். ஹெட்லைட் போட்டால் ஹார்னின் குரல் மாறும். செல்ஃப் சோம்பேறித்தனமாகச் சுற்றும். எல்லாரும் பேட்டரி என்றார்கள். இந்த முறை உஷாராகிவிட்டேன், ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கினேன். இன்ஜின் அணைந்திருக்கையில் 12.6 வோல்ட்: பேட்டரி முழுதாக இருக்கிறது. இன்ஜின் ஓடுகையில் 14.2: சார்ஜும் ஆகிறது. தம்பி போனிலேயே அடுத்த வேலையைச் சொன்னான். ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. எனக்கு 1.4 காட்டியது. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் ஒயரின் முனையைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி. கரண்ட் திரும்பிப் போக வழி இல்லாமல், அகப்பட்ட விளக்கு, மீட்டர் வழியாகவெல்லாம் சுற்றிப் போயிருக்கிறது. ஒயரை மாற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்ததும் பேய் ஓடிவிட்டது. ஏழு வருடத்தில் நான் செய்த மிகச் சல்லிசான ரிப்பேர் அதுதான்.

செக் இன்ஜின் விளக்கு பற்றியும் சொல்ல வேண்டும், அதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். மஞ்சளாக நிலையாக எரிந்தால் பதற வேண்டாம், சீக்கிரம் பார்த்தால் போதும். விட்டு விட்டு மின்னினால் மெதுவாக ஓரங்கட்டுங்கள். ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் போய் சைலன்சர் வரிசையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும், அதன் விலை கேட்டால் நமக்குத்தான் மிஸ் அடிக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முள் சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்று வைத்திருக்கிறேன். எனக்கு பி0301 என்று காட்டியது, அதாவது ஒன்றாம் சிலிண்டர். அது பாகத்தின் பெயரைச் சொல்லாது, இடத்தைத்தான் சொல்லும். ஒன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றில் போட்டேன், மூன்றில் இருந்ததை ஒன்றில் போட்டேன். குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். பி0303 வந்தது. வியாதி காயிலோடு இடம் மாறிவிட்டதால் குற்றவாளி காயில்தான், பிளக்கோ இன்ஜெக்டரோ இல்லை. பத்து எம்எம் ஸ்பேனர் ஒன்று போதும் இந்த வைத்தியத்துக்கு. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் நான் ஒரு நட்சத்திரம் வரைந்திருக்கிறேன்.

மற்றவை சில்லறை. டிரைவர் பக்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கேபிள் ஒரு மழை நாளில் அறுந்தது. பின்கதவின் கைப்பிடி கையோடு வந்தது. கிளட்ச் பிளேட் 1,31,000-இல் மாற்றியது, அது தேய வேண்டிய பொருள், புகார் இல்லை. முன் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் இரண்டு முறை. மேடு பள்ளத்தில் 'டொக்' என்ற சத்தம் அதில்தான். ஏசியில் கேஸ் வருடா வருடம் குறைந்தது. ஒவ்வொரு முறையும் நிரப்பி அனுப்புகிறவர்களிடம் நான்கு முறை ஏமாந்த பிறகு, லீக் எங்கே என்று தேடிய ஒருவர் கிடைத்தார். ஒரு ஓ-ரிங், அதாவது ஒரு ரப்பர் வளையம். அவ்வளவு பெரிய கதைக்கு அவ்வளவு சின்ன முடிவு.

வெளியே தெரியாமல் கெடுகிற இரண்டு சமாச்சாரம் உண்டு. ஒன்று பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இன்னொன்று டயர். வாங்கும்போது நான்கு டயரிலும் பட்டன் ஆழமாக இருந்தது, ஓனரும் பெருமையாகத் தட்டிக் காட்டினார். பக்கவாட்டில் பொறித்திருக்கும் கடைசி நான்கு எண்ணை நான் அப்போது படிக்கவில்லை. முதல் இரண்டு எண் வாரத்தைச் சொல்லும், அடுத்த இரண்டு எண் வருடத்தைச் சொல்லும். 3211 என்றால் 2011-இன் 32-ஆவது வாரம். அதைப் படித்தபோதுதான் வண்டியோடு வந்த முதல் டயர்களிலேயே அத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஓரத்தில் சேற்று வெடிப்பு மாதிரி கோடுகள். அன்றே மாற்றினேன்.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன், இது நியாயம் இல்லை. இந்த வண்டியில் உட்கார்ந்தால் நான்கு மூலையும் தெரியும். கண்ணாடிக்கு நடுவே உள்ள தூண்கள் மெல்லியவை, பின்னால் வரும் சைக்கிள்காரரைக் கழுத்தை ஒடிக்காமல் பார்க்கலாம். இப்போது வரும் சின்னக் கார்களில் சன்னல் என்ற பெயரில் கடிதப்பெட்டி ஓட்டை வைக்கிறார்கள். ஏசியும் ஃபேனும் எல்லாம் திருகும் குமிழ். இருட்டில், கையுறையோடுகூட, பார்க்காமல் திருகலாம். மற்றவர்கள் விட்டுவைத்த இடுக்கில் நிறுத்தலாம். மைலேஜ் லிட்டருக்கு 16-இல் ஆரம்பித்து இன்று 15. பல்பு மாற்றக் கையும் ஒரு நிமிடமும் போதும். மைத்துனரின் புதுக் காரில் அதற்கு பம்பரைக் கழற்றினார்கள்.

இன்ஜின் இன்னும் ஆயில் குடிக்கவில்லை. 10,000 கிலோமீட்டர் போகலாம் என்று புத்தகம் சொன்னாலும் 7,500-இலேயே ஆயில் மாற்றிவிடுகிறேன். அதனால்தானா என்று கேட்டால், என் குணம் அப்படி என்பதுதான் பதில்.

யாருக்கு இது ஒத்து வரும்? ஒரே வண்டிதான், அது நின்றால் அன்றைய சம்பளம் போச்சு, பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் இல்லை என்பவர்கள் இந்த வயதுக் காரை வாங்காதீர்கள். நான் அந்தக் கிராங்க் சென்சார் காலத்தில் இரண்டு முறை டியூட்டிக்குத் தாமதமாகப் போனேன், ஒருமுறை ஹெட் நர்ஸ் எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த அவமானத்தை எந்த மைலேஜும் ஈடுகட்டாது. ஆனால் காரின் விலையிலேயே முழுப் பணத்தையும் கொட்டாமல் ஐந்தில் ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு ஒதுக்கி வைக்க முடிகிறவர்கள், பானெட்டைத் திறக்கக் கூச்சப்படாதவர்கள் தாராளமாக வாங்கலாம். வாங்கப் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போது பானெட் சூடாக இருந்தால், குளிரில் அது எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவர்களுக்கு விருப்பமில்லை. அதேபோல, அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இந்தப் பத்து நிமிடம் எனக்கு எவ்வளவு செலவில் கிடைத்த அறிவு என்று மேலே எழுதிவிட்டேன்.

கிளம்புமா என்ற என் ஒற்றைக் கேள்விக்கு மார்க்: ஏழு வருடத்தில் மொத்தம் பதினெட்டு முறை கிளம்பவில்லை. அதில் பதினாறு அந்தச் சென்சார். மீதி இரண்டில் ஒன்று எர்த் ஒயர், இன்னொன்று உள்விளக்கை அணைக்காமல் நானே தூங்கப் போனது.

இப்போதைய நிலவரம், 1,63,950: இடது பக்கம் முழுசாக ஒடித்துத் திரும்பினால் வலது முன்சக்கரத்தில் 'டக் டக் டக்'. வலது பக்கம் திரும்பினால் இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். "ஜாயின்ட் போச்சு அக்கா, திங்கக்கிழமை கொண்டாங்க, அதுவரைக்கும் வட்டம் போடாதீங்க" என்று பதில் வந்தது.